மூன்று என்றால் இடமில்லை

திரையில் பதிப்புரிமை வரிகள் வரும். அடுத்து, இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிப்பு எண். அதற்குப் பிறகு ஒரே ஒரு வரி: "பேனிக்: கேமெம்_சபாலாக்: பேட் ஸ்டேட்டஸ் ரிட்டர்ன் ஆஃப் 3". பதினைந்து விநாடியில் தானே மறுபடி தொடங்கப் போவதாகக் கணினி அறிவிக்கும். சொன்னபடி தொடங்கும், அதே வரியில் விழும். மின்சாரத்தை நிறுத்தாவிட்டால் விடியும்வரை இதையே செய்துகொண்டிருக்கும்.

2008-09 வாக்கில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தை வீட்டுச் சேமிப்பகக் கணினிகளில் ஓட்டியவர்களில் பலர் இந்த வரியைப் பார்த்திருக்கிறார்கள். வட்டு பழுது என்று கேபிளைக் கழற்றி மாட்டுவார்கள். ரேம் பழுது என்று இரவு முழுக்கச் சோதனை ஓட்டுவார்கள். இரண்டும் நன்றாகவே இருக்கும். சொல்லப்போனால், இந்த வரி வரும்போது கர்னல் வட்டு ஒன்று இருக்கிறதா என்றே இன்னும் பார்த்திருக்காது. அதனால்தான் இந்த விழுகையைப் பற்றிய பதிவு எந்தக் கோப்பிலும் கிடைக்காது. எழுதிவைக்க இடம் தெரிவதற்கு முன்பே உயிர் போய்விடுகிறது. கையில் இருக்கும் ஒரே தடயம் அந்த 3.

அந்த எண்ணுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1980-களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாக் என்ற கர்னலை உருவாக்கினார்கள். அதன் நினைவக மேலாண்மைப் பகுதி பெர்க்லியின் 4.4பிஎஸ்டி வழியாக ஃப்ரீபிஎஸ்டிக்கு வந்தது. மாக் தன் பதில்களை எண்களாகச் சொல்லும். 0 என்றால் வேலை முடிந்தது. 1 என்றால் முகவரி தவறு. 2 என்றால் அனுமதி இல்லை. 3 என்றால் இடமில்லை.

இரண்டு ஜிபி ரேம் பூட்டிய கணினி, தொடங்கி ஒரு விநாடிகூட ஆகாத நிலையில், இடமில்லை என்கிறது. எந்த இடம்?

ரேம் என்பது மனைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனை இருந்தால் மட்டும் போதாது, கடிதம் வந்து சேர அதற்கு ஒரு கதவு எண்ணும் வேண்டும். 32 பிட் செயலி சொல்லக்கூடிய கதவு எண்கள் மொத்தம் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 4 ஜிபி அளவுக்கு. ஃப்ரீபிஎஸ்டி அதில் 3 ஜிபியைப் பயனரின் நிரல்களுக்கு விட்டுவிட்டு மேலே உள்ள 1 ஜிபியைக் கர்னலுக்கு வைத்தது. அந்த 1 ஜிபி எண்களுக்குள்தான் கர்னலின் சகல உடைமைகளும் அடங்க வேண்டும்: கர்னல் நிரலே, வட்டுக்கான இடையகங்கள், சாதனங்களின் பதிவேடுகள், திரை அட்டையின் நினைவகத்தைப் பார்க்கும் சாளரம். ரேமின் ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் ஒரு சிறு குறிப்பு என்று வைத்திருக்கும் நீண்ட பட்டியலும் இதற்குள்தான். இந்தக் கடைசி இனத்தில் ஒரு விநோதம் இருக்கிறது. ரேம் கூடக் கூடப் பட்டியல் நீள்கிறது. பட்டியல் நீள நீளக் கதவு எண்கள் குறைகின்றன. அதிக ரேம் வாங்கிப் பூட்டியவருக்குக் கர்னலுக்குள் இடம் குறைந்துபோகும்.

இத்தனையும் போக, கர்னல் தன் அன்றாடத் தேவைக்குத் தொடக்கத்திலேயே ஒரு பெரிய துண்டை மொத்தமாக வேலி போட்டு வைத்துக்கொள்ளும். அதன் பெயர் கேமெம் மேப். அந்தத் துண்டின் அளவைச் சொல்லும் அமைப்பு கேமெம் சைஸ். பயனர் நிரலின் நினைவகம் பற்றாவிட்டால் அதை வட்டுக்குத் தள்ளிவிட்டுச் சமாளிக்கலாம். கர்னல் இங்கே ஒதுக்குவதை அப்படித் தள்ள முடியாது. ஆகவே இந்த வேலியை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதைக் கணினி எழும் முதல் கணங்களிலேயே தீர்மானித்தாக வேண்டும். சாதாரணமாகக் கர்னலே ரேமைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் கர்னலை ஏற்றிவிடும் லோடர் என்ற சிறு நிரலின் அமைப்புக் கோப்பில் யாராவது ஒரு எண்ணை எழுதியிருந்தால், அந்த எண்ணுக்குக் கட்டுப்படும்.

கட்டுப்படும் என்றேனே, முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. அக்காலத்துக் கர்னலில் ஒரு காவல் இருந்தது: கேட்ட அளவு ரேமின் இரு மடங்குக்கு மேல் போனால் அதை இரு மடங்கோடு வெட்டிவிடும். இந்தக் காவல் மனைகளை எண்ணியது, கதவு எண்களை எண்ணவில்லை. 2 ஜிபி ரேம் உள்ள கணினியில் கேமெம் சைஸ் 1 ஜிபி என்று எழுதியிருந்தால் காவலர் வழிவிட்டுவிடுவார். அடுத்த அடியில், மொத்தமே 1 ஜிபி உள்ள தெருவில் 1 ஜிபிக்குத் தொடர்ச்சியாக வேலி போடக் கர்னல் முயலும். தெருவில் ஏற்கெனவே கர்னல் குடியிருக்கிறது. பதில் 3.

அப்படியொரு எண்ணை எதற்காக எழுதினார்கள்? அன்றைக்கு எழுதியவர் சரியாகத்தான் எழுதினார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

சன் நிறுவனம் சோலாரிசுக்காக உருவாக்கிய இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையை 2007-இல் பாவெல் யாகுப் தாவிதெக் ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுவந்தார். 2008 பிப்ரவரியில் வெளியான 7.0 பதிப்பில், சோதனை நிலையில் உள்ளது என்ற எச்சரிக்கையோடு அது இடம்பெற்றது. வட்டில் உள்ளது சத்தமில்லாமல் கெட்டுப்போனால் கண்டுபிடித்துச் சொல்லும் கோப்பு முறைமை அன்று அபூர்வம். ஆசைப்படாதவர்கள் குறைவு. ஆனால் இசட்எஃப்எஸ் நினைவகப் பசி கொண்டது. ஏஆர்சி என்ற தற்காலிகச் சேமிப்பில், படித்த தரவை முடிந்த மட்டும் வைத்துக்கொள்ளப் பார்க்கும். ஐபிஎம் அல்மடேன் ஆய்வகத்தின் நிம்ரோத் மெகிதோவும் தர்மேந்திர மோதாவும் 2003-இல் வெளியிட்ட வழிமுறையிலிருந்து வளர்ந்தது அது. ஃப்ரீபிஎஸ்டியில் அந்தச் சேமிப்பு கேமெம் மேப் என்ற வேலிக்குள்ளேயே குடியேறியது. 32 பிட் கணினியில் சில நூறு எம்பிக்கு மேல் வளராத வேலி அது. ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தால் போதும், வேலி நிரம்பி, "கேமெம்_மேப் டூ ஸ்மால்" என்று கர்னல் விழும்.

எனவே அதிகாரபூர்வக் கையேடே ஒரு மருந்துச்சீட்டு எழுதிக் கொடுத்தது. ஏறத்தாழ 1 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு: கேமெம் சைஸ் 330 எம்பி, அதன் உச்சவரம்பும் 330, ஏஆர்சிக்கு 40, வட்டுவாரிச் சேமிப்புக்கு 5. 330, 330, 40, 5. இந்த நான்கு எண்களும் எத்தனை கணினிகளில் எழுத்துப் பிசகாமல் ஒட்டப்பட்டன என்பதைக் கடவுள்தான் அறிவார். 330 போதாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. கர்னலின் மூலநிரலை எடுத்து, கேவிஏ பேஜஸ் என்ற அமைப்பை 256-லிருந்து 512 ஆக்கித் தானே தொகுத்துக்கொள்வது. ஒவ்வொன்றும் 4 எம்பி. 256 என்றால் 1 ஜிபி, 512 என்றால் 2 ஜிபி. கர்னலின் தெரு இரு மடங்கு நீளும். அந்த நீளத்தை நம்பிக் கேமெம் சைஸை 1 ஜிபி என்று எழுதினால், கணினி மாதக்கணக்கில் தூங்காமல் ஓடும்.

ஆக, முடிவு ஒன்று. ஆனால் அது இரண்டு இடங்களில் பதிவாகியிருக்கிறது. பாதி கர்னலுக்குள், தொகுத்த இருமக் கோப்பாக. மறுபாதி லோடர் கோப்பில், ஒற்றை வரியாக. ஒன்று இல்லாமல் மற்றொன்றுக்குப் பொருளில்லை. இந்த உறவு எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதியவரின் தலைக்குள் மட்டும் இருக்கிறது.

ஓராண்டு போகிறது. புதுப் பதிப்பு வருகிறது. மூலநிரலைத் தொகுக்கும் பொறுமை இப்போது இல்லை, ஆயத்த இருமக் கோப்புகளைக் கொண்டே மேம்படுத்திவிடுகிறார். அந்த வழியில் வருவது ஜெனெரிக் என்ற பொதுக் கர்னல், 1 ஜிபி தெரு. லோடர் கோப்பை மேம்படுத்தும் நிரல் தொடாது. அது பயனரின் சொந்தக் கையெழுத்து, தொட்டால்தான் தப்பு. வீடு மாறிவிட்டது, பழைய வீட்டு அளவுக்குத் தைத்த திரைச்சீலை மட்டும் கூடவே வந்துவிட்டது. மறுதொடக்கம். பதிப்புரிமை வரிகள். 3.

இப்போது கைதேர்ந்தவர்களையும் ஏமாற்றும் ஒரு சோதனை இருக்கிறது. பழைய கர்னலை வேறு அடைவில் எடுத்து வைத்திருந்தால், லோடரில் அதன் பெயரைச் சொல்லித் தொடங்கலாம். தொடங்கினால் கணினி சமர்த்தாக எழுந்து நிற்கும். உடனே வருகிற முடிவு: புதுக் கர்னலில் பிழை. பிழையறிக்கை எழுத உட்கார்ந்துவிடுவார்கள். புதுக் கர்னல் தன்னிடம் கேட்டதைச் செய்ய முடியாமல் நேர்மையாகச் சொல்லிவிட்டு விழுந்தது, அவ்வளவுதான். இரண்டு பொருள்கள் பொருந்தாதபோது ஒன்றை மாற்றிப் பார்த்துச் சரியானால், மாற்றியதுதான் பழுது என்று சொல்லிவிட முடியாது. மற்றதையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

மற்றதை மாற்ற வட்டைக் கழற்ற வேண்டியதில்லை. கர்னல் எழுவதற்கு முன் லோடர் சில விநாடிகள் ஒரு பட்டியலோடு காத்திருக்கும். அதிலிருந்து வெளியேறினால் "ஓகே" என்ற சொல்லோடு ஒரு கட்டளை வரி வரும். இந்தக் கட்டத்தில் லோடர் அமைப்புக் கோப்பைப் படித்து முடித்து, அதிலுள்ள வரிகளைத் தன் நினைவில் மாறிகளாக வைத்திருக்கும். கர்னலிடம் இன்னும் கொடுத்திருக்காது. கடிதம் எழுதி உறையிலிட்டாயிற்று, தபால்பெட்டியில் போடவில்லை. ஷோ என்று அடித்தால் எல்லாம் தெரியும். அன்செட் என்று அடித்துக் கேமெம் சைஸின் பெயரையும் கொடுத்தால் அந்த வரி இந்த ஒருமுறைக்கு இல்லாமல் போகும். வட்டிலுள்ள கோப்புக்கு ஒன்றும் ஆகாது. பிறகு பூட் என்று அடிக்க வேண்டியதுதான்.

பலர் செய்யும் தவறு, எண்ணை நீக்குவதற்குப் பதிலாக இன்னொரு எண்ணைப் போட்டுப் பார்ப்பது. 1024 விழுகிறதா, 900. அதுவும் விழுகிறதா, 800. ஏதோ ஓர் எண்ணில் கணினி எழும். அந்த எண்ணை ஒரு கண்டுபிடிப்பைப் போலக் கோப்பில் எழுதிவைப்பார்கள். அடுத்த முறை ரேம் கூட்டும்போது பக்கப் பட்டியல் நீண்டு அதுவும் விழும். முதலில் வரியே இல்லாமல் எழுப்புங்கள். கர்னல் தானாகப் போட்ட கணக்கு என்ன என்று சிஸ்கன்ட்ரோல் கட்டளையால் கேளுங்கள். அந்த எண்ணில் வேலை நடந்தால், கையால் எழுதிய எண்ணுக்கு இனி அங்கே வேலையில்லை.

விழுந்த இடமும் பேசும். வட்டுகளைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே விழுந்தால் அளவு அதிகம், தெருவில் அடங்கவில்லை. வட்டுகள் எல்லாம் வரிசையாகத் தெரிந்து, மூலக் கோப்பு முறைமையை ஏற்றும் நேரத்தில் விழுந்தால் பெரும்பாலும் தலைகீழ்க் கதை: அளவு குறைவு.

அந்தத் தலைகீழ்க் கதை 64 பிட் கணினிகளுக்கு உரியது. அங்கே கதவு எண்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஃப்ரீபிஎஸ்டி 7.0-இல் அங்கேயும் கர்னலின் தெரு 2 ஜிபிதான். எனவே அங்கேயும் கேமெம் சைஸை ஒன்றரை ஜிபிக்கு ஏற்றி எழுதினார்கள், அன்றைக்கு அது தாராளம். 2009 மே மாதம் வந்த 7.2 பதிப்பு தெருவை 6 ஜிபி ஆக்கியது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 8.0 அதை 512 ஜிபிக்கு நீட்டியது. வேலியைப் பெரிதாக்க வேண்டும் என்று எழுதிய வரி இப்போது வேலியைச் சுருக்கும் வரி ஆகிவிட்டது. எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. 16 ஜிபி ரேம் போட்ட கணினியில் ஒன்றரை ஜிபி வேலிக்குள் கர்னல் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும்.

தரவு குறைவாக இருக்கும்வரை இதில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் பாதியில் நின்றுபோன ஒரு பெரிய அழிப்பை, வட்டுத் தொகுதியை ஏற்றும்போது இசட்எஃப்எஸ் தொடர்ந்து முடிக்கப் பார்க்கும். ஒரே தரவை இருமுறை எழுதாமலிருக்கும் வசதியை இயக்கியிருந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பதிவை நினைவகத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். வேலி நிரம்பும், கர்னல் விழும். மறுபடி எழும்போது அதே அழிப்பு அங்கேயே காத்திருக்கும். இதற்கும் மருந்து அதே லோடர் வரியில் அதே அன்செட்தான். 2014 ஜனவரியில் வந்த 10.0-இல் கேமெம் மேப் என்ற தனி வேலியையே எடுத்துவிட்டார்கள். கர்னல் முகவரிகளை ஒதுக்கும் முறை முழுக்க மாறியது. 32 பிட் பக்கம் 2018-இல் வந்த 12.0, கர்னலுக்கும் பயனருக்கும் ஆளுக்கொரு 4 ஜிபி கொடுத்து, பாகப்பிரிவினைத் தகராறையே ஒழித்தது. லோடர் கோப்புகளில் 330 மட்டும் இருந்துகொண்டிருந்தது.

இது ஒரு வீட்டுச் சண்டை என்று நினைக்க வேண்டாம். லினக்ஸில் இதன் அண்ணன் ஒருவர் உண்டு. பழைய பயாஸில், 1 எம்பிக்கு மேல் எவ்வளவு ரேம் என்று கேட்கும் அழைப்பு 16 பிட்டில், கேபி கணக்கில் பதில் சொல்லும். 65,535 கேபிக்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது. ஆகவே 64 எம்பிக்கு மேல் எவ்வளவு பூட்டினாலும் அதன் பதில் அதைத் தாண்டாது. 1990-களின் கடைசியில் 128 எம்பி வாங்கியவர்கள் லைலோ என்ற லோடரின் கோப்பில் "மெம்=128எம்" என்று தாமே எழுதிக் கர்னலுக்கு உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. ரேமின் உச்சியில் ஒரு துணுக்கைச் சில தாய்ப்பலகைகள் தமக்கென்று எடுத்துக்கொள்ளும் என்பதால் விவரமானவர்கள் 127 என்று எழுதினார்கள். பிறகு ஒரு ரேம் குச்சி பழுதாகி அதைக் கழற்றுவார்கள். வரி அப்படியே இருக்கும். இல்லாத மனையில் கர்னல் அடித்தளம் தோண்டும். பயாஸிடம் முழு வரைபடத்தையும் கேட்டுப் பெறும் கர்னல்கள் வந்த பிறகு இதே வரி உச்சவரம்பாக மட்டும் செயல்பட ஆரம்பித்தது. எழும்போதே சாவது போய், மந்தமாக ஓடுவதாக நோய் மாறியது.

விண்டோஸ் 98 கதையில் குற்றவாளி வரியை எந்தப் பயனரும் எழுதவில்லை. அதன் கோப்புச் சேமிப்பான விகேஷ், ரேமைப் பார்த்துத் தன் உச்சவரம்பைத் தானே கணக்கிடும். அந்தக் கணக்கு எழுதப்பட்டபோது வீட்டுக் கணினிகளில் 32 எம்பி, 64 எம்பிதான். சில ஆண்டுகளில் 512 எம்பிக்கு மேல் பூட்டியபோது விகேஷ் கேட்ட முகவரிகள், அமைப்புக்கு உரிய மேல் 1 ஜிபியை விழுங்கிவிட்டன. போதிய நினைவகம் இல்லை என்று விண்டோஸ் சொன்னது. ரேமைக் கழற்றினால் எழுந்தது! சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் மேக்ஸ்ஃபைல்கேஷ் என்ற வரியைச் சேர்த்து அதை 512 எம்பிக்குள் கட்டிவைப்பதுதான் மைக்ரோசாஃப்ட் சொன்ன தீர்வு. ஃப்ரீபிஎஸ்டியில் வரியை எடுக்க வேண்டும், இங்கே வரியைச் சேர்க்க வேண்டும். தானியங்கிக் கணக்கையே நம்பு என்று சற்று முன் நான் சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தானியங்கிக் கணக்கும் யாரோ ஒருவர் ஏதோ ஓர் ஆண்டில் எழுதியதுதான்.

இன்றைய மெய்நிகர் கணினிகளில் இந்த நோய் ஊக்கத்தோடு இருக்கிறது. தரவுத்தளத்துக்காக 2 எம்பி பெரும்பக்கங்கள் 6,000 ஒதுக்கச் சொல்லி ஒரு வரி: 12 ஜிபி. 16 ஜிபி கணினியில் அது நியாயம். செலவைக் குறைக்க அதே வட்டுப் படிமத்தை 8 ஜிபி கணினியில் ஏற்றுவார்கள். லினக்ஸ் கேட்டதில் கிடைத்த மட்டும் பெரும்பக்கங்களாகப் பூட்டிவைக்கும். மற்ற நிரல்களுக்கு மிஞ்சுவது எலும்பு. எழும்போதே ஒவ்வொரு சேவையாகச் செத்து விழும். குறைந்தபட்சக் காலியிடம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் மற்றொரு லினக்ஸ் அமைப்பை அளவுக்கு மீறி வைத்தால் கணினி அந்தக் கணமே நினைவகமின்றித் தவிக்கும் என்று கர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. அந்த அமைப்பின் அலகு கேபி. பைட் என்று நினைத்து எழுதியவரின் நிலையை ஊகித்துக்கொள்ளுங்கள்.

நான் எந்தக் கணினியின் அமைப்புக் கோப்பைத் திறந்தாலும் முதலில் தேடுவது எண்களை அல்ல, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய குறிப்பை. எந்தக் கர்னலுக்காக, எவ்வளவு ரேமுக்காக, எந்த ஆண்டு. பெரும்பாலும் இருக்காது. பெயர்களும் உதவா. ஃப்ரீபிஎஸ்டியில் மேக்ஸ்யூசர்ஸ் என்ற அமைப்பு, ஒரே பெரிய கணினியில் பல பேர் முனையங்களில் உட்கார்ந்து வேலை செய்த காலத்தின் பெயர். இன்று அது பயனர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதே இல்லை. அதை 16-ஆல் பெருக்கி 20-ஐக் கூட்டினால் வருவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய செயல்களின் எண்ணிக்கை. 64 என்றால் 1,044. வலைத் தரவுக்கான இடையகங்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அமைப்பும் இதே போலத்தான். மனம் போனபடி பெரிய எண்ணைப் போட்டால் கணினி எழும்போதே விழும் என்று கையேடு சொல்கிறது. வேகம் கூடும் என்று கேட்டு அதில் பெரிய எண்ணைப் போட்டவர்கள் கையேட்டின் அந்த வாக்கியத்தை அடுத்த மறுதொடக்கத்தில்தான் படித்திருப்பார்கள்.

இந்த விஷயத்தில் நான் பார்த்தவற்றுள் அழகான ஏற்பாடு சோலாரிசுடையது. அங்கே கர்னல் அமைப்புகள் பெரும்பாலும் இடிசி அடைவிலுள்ள சிஸ்டம் என்ற ஒரே கோப்பில் இருக்கும். சேவையகங்களில் அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும். 32 பிட் காலத்தில் ஆரக்கிளுக்காக எழுதிய பகிர்வு நினைவக அளவுகள், 2005-இல் வந்த சோலாரிஸ் 10 வேறு முறைக்கு மாறிய பின்னும் அப்படியே கிடக்கும். அதில் ஒரு வரி கர்னலைக் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். சன் கணினியிலும் கர்னலுக்கு முன் ஒரு கட்டளை வரி உண்டு, ஃபோர்த் மொழியில் அமைந்தது. அதுவும் "ஓகே" என்றுதான் காத்திருக்கும். அங்கே பூட் என்பதோடு ஏ என்ற விருப்பத்தையும் சேர்த்து அடித்தால், கர்னல் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே எழும். சிஸ்டம் கோப்பு எது என்று ஒரு கேள்வி வரும். வழக்கமான பெயரை அதுவே அடைப்புக்குறிக்குள் காட்டும். அதை விட்டுவிட்டு, எதை எழுதினாலும் விழுங்கிவிடும், எப்போது படித்தாலும் வெறுமையையே தரும் அந்தக் கோப்பின் பெயரை, டெவ் அடைவிலுள்ள நல் என்று தட்டச்சு செய்ய வேண்டும். கர்னல் அந்தக் காலிக் கோப்பைப் பொறுமையாகத் திறந்து, ஒரு வரியும் இல்லை என்று கண்டு, தன் கணக்கிலேயே எழுந்து நிற்கும்.